பின்சீட்டில் மதுமதி

புதுச்சத்திரத்தில் பைபாஸை ஒட்டி சபரிநாதனின் டயர் ரீட்ரேடிங் பட்டறை இருக்கிறது. தேய்ந்துபோன லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, மறுபடி ரோட்டுக்கு அனுப்புகிற வேலை. அப்பா இறந்ததும் இளவயதிலேயே அதில் போய் உட்கார்ந்தவன், நாற்பதைத் தாண்டும்வரை எழுந்திருக்கவே இல்லை. லாரிக்காரர்களுக்கு ஞாயிறு ஏது, நோம்பி ஏது. கல்யாணமான புதிதில் மதுமதியை ஒருமுறை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனான். அன்றைக்கும் பொழுது சாய்வதற்குள் பட்டறைக்குத் திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பெங்களூரிலிருந்து தெற்கே போகும் பெரிய பைக்குகள் அந்த வழியாக வரிசைகட்டிப் போகும். அவற்றில் ஒன்றிரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்காக இருக்கும். ஓட்டுகிறவன் வண்டியின் மேல் படுத்தமாதிரி, முகத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போவான். சபரிநாதன் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அது புள்ளியாகி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பான்.

மகள் நித்யஸ்ரீயை பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்த வருஷம் வீடு சத்தமில்லாமல் போயிற்று. அந்த வருஷம்தான் அவன் பெங்களூருக்குப் போய், ஒருவர் ஓட்டிக் கழித்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தான். பட்டறையில் வெகுகாலமாக வேலை செய்யும் வேலுமணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏனுங்க மொதலாளி, இது ரேஸ் வண்டியாட்ட இருக்குதுங்க. இதுல எங்கீங்க போறது?"

"ஊரூரா போலாமுங்க. இந்தியா பூராப் போலாம்."

வேலுமணி குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்த ஒரே ஓட்டத்தில் சபரிநாதனின் மணிக்கட்டு வீங்கியிருந்ததையும், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திருப்பியதையும் அவர் பார்த்திருந்தார்.

ஆனால் சபரிநாதன் விடவில்லை. கைப்பிடியில் எடையைப் போடாமல், முழங்காலால் பெட்ரோல் டேங்கைக் கவ்விப்பிடித்து, வயிற்று பலத்தில் முதுகைத் தாங்கக் கற்றுக்கொண்டான். தொந்தி குறைந்தது. முதலில் ஒகேனக்கல், பிறகு மூணாறு, அதன்பிறகு ஹம்பி. தனியாக அந்த வண்டியில் போகும்போது அவனுக்குத் தன் வயது தெரியவில்லை. ஊர் திரும்பி இரண்டு நாளைக்கு மதுமதி அவன் தோளுக்குத் தைலம் தேய்ப்பாள். அப்போது அவன் போன இடங்களைச் சொல்லுவான். அவள் கேட்டுக்கொண்டே தேய்ப்பாள்.

சேலத்தில் ஒரு பைக் குழுவில் சேர்ந்தான். அதில் முக்கால்வாசிப் பேர் வைத்திருந்தது உயரமான டூரிங் வண்டிகள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டலாம், பின்னால் உட்காருகிறவர்களுக்கு நாற்காலிபோல் சாய்மானம் இருக்கும். சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஃபைஸானிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. அவன் மனைவி ஷாஹீன் எல்லாப் பயணத்துக்கும் கூடவே வருவாள். ஒருமுறை டீ குடிக்கும்போது, "அண்ணிய ஏண்ணா கூட்டிட்டு வர்றதில்ல?" என்று அவள்தான் கேட்டாள்.

சபரிநாதன் பதில் சொல்லுமுன் ஃபைஸான் குறுக்கிட்டான். "பாவம், அந்த வண்டில எப்படி வருவாங்க? சபரிண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஸ்போர்ட்ஸ் பைக்ல ஒத்தையா டூர் போறதே பெரிசு. ஜோடியாப் போறதெல்லாம் நடக்காதுண்ணா."

நல்லமனதோடு சொன்னதுதான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டியதுதான் சபரிநாதனுக்குச் சுருக்கென்றது. "ஏன் நடக்காது? பொங்கல் லீவுல கன்னியாகுமரி ரைடு இருக்குதில்ல? நானும் என்ற ஊட்டுக்காரியும் இதே வண்டிலதான் வாரோம்" என்று சொல்லிவிட்டான்.

அன்று மாலை மதுமதியிடம் சொன்னபோது அவன் அந்தப் பேச்சைச் சொல்லவில்லை. "அம்மிணி, கன்னியாகுமரி போலாமா?" என்று மட்டும் கேட்டான். அவள் ஊரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மீன், கப்பல், அலை என்று படம் வரைந்து காட்டுவாள். கடலை அவள் பார்த்ததில்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டு, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோதாவது, அவள் வருவது கடலுக்காக, தன் சவாலுக்காக அல்ல என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியில் ஏற்றிக் காட்டினான். பின்சீட் இரண்டு உள்ளங்கை அகலம். ஓட்டுகிறவன் தலைக்கு மேலே அவள் தலை இருந்தது. கால் மிதி உயரமாக இருந்ததால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

"ஏனுங்க, இதுல நான் எப்படீங்க அத்தன தூரம் ஒக்காருவேன்?"

"பழகிப்போயிரும். பிரேக் போடறப்ப என்மேல சாயாத, கைய முன்னால டேங்க்குமேல ஊனிக்க. ஹெல்மெட் போட்டா பேச்சுக் கேக்காது. தோள்ல ஒருக்கா தட்டுனா மெல்லப் போவேன். ரெண்டு தட்டுத் தட்டுனா நிறுத்தீருவேன். செரியா?"

"செரீங்க."

வண்டியில் பெட்டி மாட்ட இடமில்லை. டேங்க்கின்மேல் கட்டிய சின்னப் பையில் அவனுடைய மழைக்கோட்டும் தண்ணீர் பாட்டிலும் சங்கிலிக்குப் போடும் எண்ணெயும் இருந்தன. இரண்டு பேருடைய துணியும் ஒரே முதுகுப்பையில். அதை மதுமதிதான் மாட்டிக்கொள்ள வேண்டும். இடம் போதாமல் அவள் எடுத்து வைத்த துணியில் பாதியை அவனே வெளியே எடுத்துப் போட்டான். கடற்கரையில் கட்டிக்கொள்ள ஒரு புடவை மட்டும் மிஞ்சியது.

விடியற்காலையில் சேலத்திலிருந்து குழு வந்தது. பட்டறை முன்னால் சேர்ந்துகொண்டார்கள். மதுமதி பள்ளிக்குப் போட்டுப்போகும் சுடிதாரின் மேல் இரவல் ஜாக்கெட் ஒன்றைப் போட்டிருந்தாள். ஷாஹீன் அவளைக் கட்டிப்பிடித்து, "அக்கா, ஒருவழியா வந்துட்டீங்க" என்றாள். அந்த முதல் அரைமணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பரமத்திவேலூர் பாலத்தில் காவிரிக்குமேல் பனி நின்றது. மதுமதி அவன் காதருகே குனிந்து கத்தினாள். என்ன சொன்னாள் என்று தெரியாவிட்டாலும் சந்தோஷத்தில் கத்தினாள் என்று தெரிந்தது.

கரூர் தாண்டியபிறகு முதல் தட்டு விழுந்தது. வேகத்தைக் குறைத்தான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவள் எடையும் பையின் எடையும் சேர்ந்து அவன் முதுகில் வந்து விழுந்தது. எல்லாம் கடைசியில் அவன் மணிக்கட்டில்தான் இறங்கியது. ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சாயாதங்கறேன்ல!" என்று சத்தம் போட்டான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அவன் வண்டியின் டேங்க் சின்னது. மற்றவர்கள் ஒருமுறை நிரப்பிக்கொண்டு வெகுதூரம் போவார்கள், அவனுக்காகக் குழு மொத்தமும் அடிக்கடி பங்க்கில் நிற்கவேண்டும். யாரும் முணுமுணுக்கவில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் அத்தனை ஹெல்மெட்டும் தன் பக்கம் திரும்புவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பெட்ரோலுக்கு நிற்பதே போதும், வேறு எதற்கும் நாம் காரணமாக இருக்கக்கூடாது என்று நினைத்திருந்தான்.

திண்டுக்கல் பைபாஸில் டிபனுக்கு நின்றார்கள். மதுமதி இறங்கியதும் கால் மடங்கி அப்படியே உட்காரப் பார்த்தாள். ஷாஹீன் தாங்கிக்கொண்டாள். அதற்குள் யாரோ, "சபரிண்ணா, சாதிச்சிட்டீங்க! ஒரு போட்டோ!" என்றார்கள். சபரிநாதன் அவளை மறுபடி பின்சீட்டில் ஏறச் சொன்னான். அவள் ஏறினாள், சிரிக்கவும் சிரித்தாள். ஃபைஸான் எடுத்துக்கொடுத்தான். இட்லி வருவதற்குள் சபரிநாதன் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் தெரிகிறமாதிரி இணையத்தில் போட்டு, கீழே எழுதினான்: 'மனசிருந்தா ஸ்போர்ட்ஸ் பைக்கிலும் ஜோடியா டூர் போகலாம்.'

அவன் படத்துக்கு வந்த பாராட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மதுமதி கழிப்பறை வாசலில் ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். குழு கிளம்பியது. அவன் ஆரன் அடித்தான். அவள் வரிசையை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

மதுரை தாண்டியதும் இரண்டு தட்டு விழுந்தது.

முன்னால் குழு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பெட்ரோலுக்கு எப்படியும் நிற்கத்தான் போகிறோம் என்று நினைத்தான். மறுபடி இரண்டு தட்டு. காற்றில் அவள் கை பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கள்ளிக்குடி போயிற்று. விருதுநகர் போயிற்று. இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாக. அவன் தோளை அசைக்காமல், பார்வையை ரோட்டிலேயே வைத்திருந்தான். சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தின் இணைப்பில் வண்டி தூக்கிப்போட்டது. அதன்பிறகு தட்டுவது நின்றுவிட்டது. அது அவனுக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

கோவில்பட்டிக்கு முன்னால் பங்க் வந்தது. மதுமதி இறங்கி, யாரையும் பார்க்காமல், ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கழிப்பறையைத் தேடிப் போனாள். சபரிநாதன் டேங்க்கைத் திறந்துவிட்டு, தற்செயலாகத் திரும்பியபோது பின்சீட் நனைந்திருப்பதைப் பார்த்தான். தண்ணீர் பாட்டில் ஒழுகியிருக்கிறது என்றுதான் நினைத்தான். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் பாட்டில் தன் டேங்க் பையில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

"என்னண்ணா, பாட்டில் ஒழுகிடுச்சா?" என்று ஃபைஸான் கேட்டான்.

"ஆமா தம்பி" என்றான் சபரிநாதன். காதுமடல் கொதித்தது. கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டான்.

ஷாஹீன் தன் வண்டியின் பெட்டியைத் திறந்து, ஒரு சுடிதாரை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாள். போகும்போது அவனை ஒருமுறை பார்த்தாள். அவனால் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை.

மதுமதி வெளியே வந்தபோது ஷாஹீனின் தொளதொளத்த சுடிதாரில் இருந்தாள். முகம் கழுவியிருந்தாள். கையில் முடிச்சுப்போட்ட ஒரு கேரி பேக். முதுகுப்பையைக் கழற்றி, தன் புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை அவன் வண்டிமேல் வைத்தாள்.

"நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்."

"எங்க, ஊருக்கா?"

"இல்லீங்க. கன்னியாகுமரிக்கு. கடல் பாக்கத்தான வந்தேன்? பஸ்ல போய்ப் பாத்துக்கறேன்."

குழுவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அந்த நேரத்திலும் அதுதான் பெரிதாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் பாக்கறாங்க, மதி. இன்னும் சித்தே தூரந்தான். ஏறு" என்றான்.

அவள் ஏறவில்லை. பங்க்கை விட்டு இறங்கி சர்வீஸ் ரோட்டில் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் நிறுத்தம் இருந்தது. ஃபைஸான் ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஷாஹீன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்கள்லாம் முன்னால போங்க. அவளுக்கு வயித்தக் கலக்குது, பஸ்ஸுன்னா சித்தே சவுகரியம்" என்று சபரிநாதன் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். ஒரே நாளில் இரண்டாவது பொய். குழு போயிற்று.

மதுரையிலிருந்து வந்த பேருந்தில் அவள் ஏறினாள். இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேருந்து கிளம்பியதும் இவனும் அதன் பின்னாலேயே கிளம்பினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வண்டி மெல்லப் போவதற்குச் செய்தது இல்லை. பேருந்தின் வேகத்தில் போனால் எஞ்சின் சூடு தொடையைச் சுட்டது. அது நின்ற இடத்தில் எல்லாம் இவனும் ஓரங்கட்டி நின்றான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பச்சை வண்டியையும், தோளில் பட்டை வைத்த ஜாக்கெட்டையும், முகம் தெரியாத ஹெல்மெட்டையும் பார்த்தார்கள். ரோடு அகலமான இடங்களில் அவன் பக்கத்தில் ஏறிவந்து ஜன்னலைப் பார்ப்பான். அவள் தலையைக் கம்பியில் சாய்த்து, எதிரே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையசைத்தான். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

திருநெல்வேலியில் பேருந்து நிலையத்துக்குள் அவனை விடவில்லை. வெளியே வெயிலில் நின்று, அதே பேருந்து வெளிவரும்வரை காத்திருந்து மறுபடி தொடர்ந்தான்.

வள்ளியூரில் பேருந்து நின்றதும் கண்டக்டர் விறுவிறுவென்று இறங்கி நேராக அவனிடம் வந்தார். பின்னாலேயே இரண்டு இளைஞர்களும் இறங்கினார்கள்.

"யாருவே நீரு? ஹெல்மெட்டக் கழத்தும்."

கழற்றினான். நரைகண்ட தாடியைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் இன்னும் கடுத்தது.

"கோயில்பட்டியில இருந்து பாக்கேன், பஸ் பொறத்தாலயே வாரீரு. நின்னா நிக்கீரு, போனா வாரீரு. பக்கத்துல வந்து வந்து பொம்பளையாளுவ இருக்க ஜன்னலப் பாக்கீரு. என்ன சோலி ஒமக்கு?"

"அதில்லீங்க..."

"மூணாவது ஜன்னல் அக்காவத்தான்ணே பாத்துக்கிட்டே வாரான்" என்றான் ஒரு இளைஞன். "வயசப் பாரு, வண்டியப் பாரு."

பேருந்தின் அந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் தலைகளால் நிறைந்துவிட்டன. மதுமதியின் பக்கத்தில் இருந்த வயதான பெண் எட்டிப் பார்த்து, உரக்கக் கேட்டாள்: "ஏ தாயி, இந்த ஆள ஒனக்குத் தெரியுமா? பயப்படாம சொல்லு. நாங்க இருக்கோம்லா."

சபரிநாதன் ஜன்னலைப் பார்த்தான். மதுமதி அவனைப் பார்த்தாள். வியர்வை வழியும் முகத்தோடு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரோ ஒருவன் கையால் தோளைப் பிடித்திருக்க நின்ற அவனை, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கிறமாதிரி பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் தான் என்ன பதில் சொல்ல முடியும் என்றும் தோன்றியது. பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவளைப் பார்த்து, நான் இவளுக்கு வேண்டியவன்தான் என்று அந்தக் கூட்டத்தின் முன் நிரூபிக்க அவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள் மதுமதி.

பேருந்துக்குள் யாரோ சிரித்தார்கள். "பொண்டாட்டிய பஸ்ல ஏத்திட்டு இவரு பைக்குல வாராராம்லா!" தோளைப் பிடித்திருந்த கை விலகியது. கண்டக்டர் சிரிக்கவில்லை. அவனையும் வண்டியின் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்ன ரெண்டுபேரும் ஒண்ணா வரப்படாதா? ஒண்ணு நீரு பஸ்ல ஏறும், இல்லன்னா அந்தத் தாயக் கூட்டிக்கிட்டுப் போம். இதென்னவே இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கண்டக்டர் விசில் கொடுத்தார். அதன்பிறகு அவனால் பேருந்தின் பின்னால் போகவும் முடியவில்லை, முந்திப் போகவும் முடியவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, தனியாகக் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தான்.

மதுமதியை ஷாஹீன் பேருந்து நிலையத்திலேயே வந்து அழைத்துப்போயிருந்தாள். இவன் போனபோது இருவரும் கடற்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இவனைப் பார்த்ததும் ஷாஹீன் எழுந்து போய்விட்டாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் கூட்டம், சங்கு விற்கிறவர்கள், குழந்தைகளின் கூச்சல். மதுமதி கொண்டுவந்த புடவையைக் கட்டியிருந்தாள். அதன் விளிம்பு முழங்கால்வரை நனைந்திருந்தது. அலையில் நின்றிருக்கிறாள்.

அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். "நீ தட்டுனது எனக்குத் தெரிஞ்சுது, மதி" என்றான். "தெரியாததாட்டம் ஓட்டிட்டேன்."

"தெரியுமுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒவ்வொருக்கா தட்டுறப்பவும் உங்க தோளு சித்தே இறுகுச்சு. கைக்குத் தெரியாதுங்களா?" அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "கேக்கலைன்னு நெனச்சிருந்தா இன்னும் பலமாத் தட்டியிருப்பனுங்க. கேட்டும் போறீங்கன்னு தெரிஞ்சதுக்கப்புறந்தான் உட்டுட்டேன்."

அவன் படியில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தள்ளினான்.

"பஸ்ல வர்றப்ப போட்டோவப் பாத்தேன்" என்றாள் பிறகு. "நெறையப் பேரு நல்லாருக்குன்னு போட்டிருக்காங்க."

"அழிச்சுரட்டுமா?"

"உங்க இஷ்டமுங்க."

மறுநாள் ஊர் திரும்பும்போது அவள் பேருந்தில்தான் வந்தாள். அவன் பின்தொடரவில்லை. தனியாக ஓட்டிவந்த அந்த நெடுந்தூரத்தில் முதுகில் எடை இல்லை, மணிக்கட்டு வலிக்கவில்லை. வண்டி சுகமாக ஓடியது. அது சுகமாக ஓடுகிறதே என்பதுதான் அவனைப் படுத்தியது.

படத்தை அவன் அழிக்கவில்லை. அழித்தால் ஏன் அழித்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தான். வீட்டில் மதுமதி எப்போதும்போலப் பேசினாள், எப்போதும்போலச் சமைத்தாள். ஷாஹீனின் சுடிதாரைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கூரியரில் அனுப்பினாள். அவன் தோள் வலிக்கிறது என்று சொல்வதை விட்டுவிட்டான். தைல பாட்டிலைத் தானே எடுத்துக் கை எட்டிய இடத்தில் தேய்த்துக்கொண்டான்.

மாசி மாதம் சேலத்தில் குழு கூடியபோது நவீன்குமார் என்ற புதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சிவப்பு நிறத்தில் புத்தம்புது ஸ்போர்ட்ஸ் பைக். சபரிநாதனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, உங்க கன்னியாகுமரி போட்டோவக் காட்டித்தாண்ணா எங்கூட்ல சம்மதிக்க வெச்சேன். அடுத்த வாரம் நாங்க ரெண்டுபேரும் கோவா போறோம். அண்ணி எப்படிண்ணா அத்தன தூரம் ஒக்காந்து வந்தாங்க? ஏதாவது ஐடியா சொல்லுங்கண்ணா."

ஃபைஸானும் ஷாஹீனும் பக்கத்தில்தான் இருந்தார்கள். சபரிநாதனுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. சீட்டுக்கு மெத்தை போடு, அடிக்கடி நில் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். கைபேசியில் அந்தப் படத்தைப் பையன் திறந்து நீட்டிக்கொண்டிருந்தான். அதில் மதுமதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போகாதீங்க தம்பி" என்றான்.

"ஏண்ணா?"

"அவ வரல. கோவில்பட்டியில எறங்கி பஸ்ல போனா. வயித்தக் கலக்குதுன்னு இவிங்ககிட்டச் சொன்னேன், அது பொய்யி." படத்தைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னான். "நிறுத்தச் சொல்லி மதுரையில இருந்து தட்டிக்கிட்டே வந்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிறுத்தல. அவளுக்கு அவசரமுன்னுகூட நெனச்சுப் பாக்கல. இதுக்கு மேல கேக்காதீங்க."

பையன் கையை மெல்ல இழுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழாததுபோல வேறு பக்கம் திரும்பினார்கள். ஃபைஸான் ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று சபரிநாதன் உள்ளுக்குள் எதிர்பார்த்தான். ஃபைஸான் தன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தான். அங்கேயே நின்றபடி சபரிநாதன் படத்தை அழித்தான். அதன்பிறகும் குழு அவனைக் கூப்பிடுகிறது, அவனும் போகிறான். ஆனால் குடும்பத்தோடு போகிற பயணங்களைப் பற்றி அவன் இருக்கும்போது யாரும் பேசுவதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், நடந்ததை மதுமதியிடம் சொன்னான். அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷாஹீன் அப்பவே போன் பண்ணிச் சொன்னாங்க" என்றாள். "ஒக்காருங்க, சாப்புடுங்க."

தட்டில் ஒன்று விழுந்தது. அவன் பிட்டு வாயில் வைத்தான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி சொன்னாள்:

"நித்யாவுக்குப் பரீட்ச முடிஞ்சதும் நானும் அவளும் ராமேஸ்வரம் போறோமுங்க. ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"எத்தன டிக்கெட்?" என்று கேட்டுவிட்டான்.

"ரெண்டு."

நானும் வரட்டுமா என்ற கேள்வி அவன் நாக்குவரை வந்தது. கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டாள், அவனுக்கு அது தெரியும். அதனாலேயே கேட்கவில்லை. "செரி, போயிட்டு வாங்க" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மதுமதி அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.